ஹெர்மன் விர்த் என்ற ‘அப்பாவி’ ஆய்வாளர்

"பாவம், நாட்டுப்புறப் பாட்டையும் பாறைக் கீறலையும் தேடி அலைந்த மனுஷன். அரசியலில் மாட்டிக்கொண்டார்." ஹெர்மன் விர்த்துக்கு இப்படி ஒரு சப்பைக்கட்டு உண்டு. மாட்டிக்கொண்டாரா, தேடிப் போனாரா? நீங்களே சொல்லுங்கள்.

1885-இல் நெதர்லாந்தின் உட்ரெக்டில் பிறந்தவர். டச்சு நாட்டுப்புறப் பாடல்களின் வீழ்ச்சியை ஆராய்ந்து முனைவர் ஆனார். முதல் உலகப் போரில் தானாகவே போய் ஜெர்மன் படையில் சேர்ந்தார். நாஜிக் கட்சியில் சேர்ந்தது 1925-இல். ஹிட்லர் ஆட்சிக்கு வர இன்னும் எட்டு வருஷம் இருந்தது; அப்போது யார் கட்டாயப்படுத்தினார்கள்? அடுத்த வருஷமே விலகினாரே என்பீர்கள். 1934-இல் திரும்பி வந்தாரே!

1933-இல் ‘ஊரா லிண்டா’ ஏட்டை ஜெர்மனில் வெளியிட்டார். வடக்கே தோன்றிய ஆதி இனத்தின் வரலாறாம். 13ஆம் நூற்றாண்டில் படியெடுத்ததாகச் சொல்லிக்கொள்ளும் அந்த ஏட்டின் காகிதமோ 19ஆம் நூற்றாண்டு ஆலையில் செய்தது! நெதர்லாந்து அறிஞர்கள் எப்போதோ போலி என்று ஒதுக்கிவிட்டார்கள். விர்த் விடவில்லை. பிரதிதான் புதுசு, சாரம் பழசு என்றார். இப்படி வாதாடினால் எந்தப் பொய்யைத்தான் பொய் என்று நிரூபிக்க முடியும்?

1934-இல் பெர்லின் பல்கலைக்கழக விவாதத்தில் ஜெர்மன் அறிஞர்களே அவரை எதிர்த்தார்கள். அறிஞர்கள் கைவிட்டவருக்கு ஹிம்லர் கைகொடுத்தார். 1935-இல் இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் ‘ஆனெனெர்பே’, அதாவது மூதாதையர் மரபு. அதன் நிர்வாகியான வோல்ஃப்ராம் சீவெர்ஸ் முன்பு விர்த்தின் செயலாளர். பின்னாளில் எலும்புக்கூடு சேகரிப்புக்கென்று 86 யூதர்கள் கொல்லப்பட்டதில் இந்த அமைப்புக்குப் பங்கு உண்டு. சீவெர்ஸ் 1948-இல் தூக்கிலிடப்பட்டார்.

அந்தக் கொலைகளை விர்த் செய்யவில்லை. 1938-க்குள் அவரை ஓரங்கட்டிவிட்டார்கள். மனம் மாறி அவர் விலகவில்லை. பல்கலைக்கழகங்களில் மதிப்புத் தேடிய ஹிம்லருக்கு அவர் பெயர் பாரமாகிவிட்டது, அவ்வளவுதான். 1981-இல் சாகும்வரை ஆதி வடக்கு இனக் கதையை அவர் கைவிடவில்லை.

நாட்டுப்புறப் பாட்டைச் சேகரிப்பது தப்பே இல்லை. அதை வைத்து எந்த இனம் உசத்தி என்று தீர்ப்பு எழுதி, அந்தத் தீர்ப்பைக் கொலைகாரன் கையில் கொடுப்பதுதான் தப்பு. அதைச் செய்தவரை அப்பாவி என்று மட்டும் சொல்லாதீர்கள், நண்பர்களே.