மெஷின் நம்முடையது, பாஸ்வேர்டு யாருடையது?

போன செமஸ்டர் லீவில் ஒரு தொழிற்சாலைக்கு இன்பிளான்ட் ட்ரெய்னிங் போயிருந்தேன். அங்கே பாக்கெட் போடும் மெஷின் ஒன்றில் ஒரு டைமர் அளவை மாற்ற வேண்டியிருந்தது. ஐந்து நிமிட வேலைதான். ஆனால் மெஷினை இயக்கும் பி.எல்.சி. பாஸ்வேர்டு கேட்டது. செய்து கொடுத்த கம்பெனியில் கேட்டால், "அதைப் போட்டவர் வேலையை விட்டுப் போயிட்டார்" என்று கையை விரித்துவிட்டார்கள். மெயின்டனன்ஸ் அண்ணன் அசரவில்லை. "விடு தம்பி, நெட்ல அன்லாக் சாஃப்ட்வேர் கிடைக்குது" என்றார்.

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. காசு கொடுத்து வாங்கிய மெஷின் முடங்கிக் கிடந்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் யோசிப்பார்கள். ஆனால் அந்தக் குறுக்குவழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நிஜ உதாரணம் இருக்கிறது.

2022 ஜூலையில், டிராகோஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் இப்படி விளம்பரம் செய்யப்பட்ட ஒரு மென்பொருளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. ஆட்டோமேஷன் டைரக்ட் நிறுவனத்தின் டைரக்ட்லாஜிக் 06 பி.எல்.சி.க்கானது அது. பாஸ்வேர்டை எடுத்துக் கொடுத்தது உண்மைதான். கூடவே சாலிட்டி என்ற வைரஸையும் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டது! யு.எஸ்.பி. வழியாகவும் நெட்வொர்க் வழியாகவும் பரவக்கூடியது அது. அதே லேப்டாப்தானே நாளைக்கு அடுத்த மெஷினிலும் செருகப்படும்?

நேர்வழியும் இருக்கிறது. சீமென்ஸ் எஸ்7-1200-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு தொலைந்தால் காலியான டிரான்ஸ்ஃபர் கார்டைப் போட்டு அழிக்கலாம் என்று அதன் கையேடே சொல்கிறது. ஆனால் பூட்டோடு சேர்ந்து புரோகிராமும் போய்விடும். கையில் பேக்கப் இருந்தால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் முதலிலிருந்து எழுத வேண்டியதுதான்.

மெஷின் செய்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. தெரியாதவர் புரோகிராமில் கை வைத்து யாருக்காவது அடிபட்டால் பழி அவர்கள் மேல்தான் விழும். அவர்கள் உழைப்பை அடுத்தவர் காப்பி அடிக்கவும் வாய்ப்பிருக்கிறது. அதனால் பூட்டு போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால் முழுப் பணமும் வாங்கிய பிறகு பாஸ்வேர்டும் புரோகிராமின் பேக்கப்பும் வாங்கியவர் கைக்கு வந்தாக வேண்டும். இதை பர்ச்சேஸ் ஆர்டரிலேயே ஒரு வரியாக எழுதி, கடைசித் தவணையை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும். பாஸ்வேர்டை ஒரு கவரில் போட்டு ஒட்டி மேனேஜர் பீரோவில் வைத்துவிடலாம்.

வீடு கட்டி முடித்த மேஸ்திரி சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டு போனால் சும்மா விடுவோமா என்ன?