குதிரைப் பித்தும் பெற்றோர் கடமையும்

கல்முனைக் கரையோரத்திலே மாடு உண்டு, எருமை உண்டு, ஆடு உண்டு. குதிரையோ மெய்யாகவே குதிரைக்கொம்புதான். வயலும் கடலுமாய் வாழும் நம்மூரில் ஒரு பிள்ளைக்குக் குதிரைமேல் பித்துப் பிடித்தால் பெற்றோர் என் செய்வது? இவ்வினா ஏட்டில் எழுந்ததன்று. என் வீட்டுத் திண்ணையில் எழுந்தது.

என் மகளின் மகனுக்கு வயது ஏழு. சித்திரை விடுமுறையில் நுவரெலியாவுக்குச் சென்றபோது, கிரகரி வாவிக் கரையில் சவாரிக்கு நின்ற மட்டக்குதிரை ஒன்றைக் கண்டான். அன்று தொடங்கியது பித்து. தும்புத்தடியும் குதிரை, தலையணையும் குதிரை, கணக்குக் கொப்பியின் ஓரமெல்லாம் குதிரை. “புலமைப்பரிசில் பரீட்சைக்குக் குதிரையா வரப்போகிறது?” என்று மருமகன் சினந்தார். நானும் அவர் பக்கமே நின்றேன். கொப்பியை வாங்கி, அத்தனை குதிரைகளையும் அழிறப்பரால் அழித்தேன். பிள்ளை அழவில்லை. ஒரு கிழமை என் அருகில் வந்து அமரவுமில்லை.

அம்மௌனம் என்னைச் சுட்டது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை பாடும் திறத்தை வகுப்பிலே வியந்து கற்பிப்பவன் நான். குதிரை வீரரைக் குறித்த இராவுத்தர் என்னும் சொல், தமிழ்நாட்டு முஸ்லிம்களில் ஒரு சாராரின் பெயராய் நின்ற வரலாற்றையும் மாணவர்க்கு உரைப்பவன். வகுப்பிலே போற்றிய குதிரையை வீட்டிலே அழித்தேன். இதனினும் பெரிய முரண் யாது?

வேறொரு தவறும் உண்டு. கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்துப் பிள்ளையின் வாயை அடைப்பது அது. பொம்மைக் குதிரை, குதிரைப் படச் சட்டை, கைத்தொலைபேசியில் குதிரை ஓட்டம் என்று கொடுத்துவிட்டால் தம் கடமை தீர்ந்ததெனப் பெற்றோர் சிலர் எண்ணுகின்றனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ எழுதிய செய்தி ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. ஓர்முசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர் பாண்டியர். எனினும் அவற்றைப் பேணும் முறை அறிந்தார் இலர். சோற்றையும் இறைச்சியையும் சமைத்து ஊட்டினர். குதிரைகள் பெருந்தொகையாய் மடிந்தன என்கிறார் அவர். பொருள் கொடுத்துக் குதிரையை வாங்கலாம். குதிரையைப் பற்றிய அறிவை அவ்வாறு வாங்க இயலாது. பிள்ளையின் ஆசையும் அத்தகையதே. அறிவை ஊட்டாவிடின் அதுவும் மடியும்.

என் பிழைக்குக் கழுவாய் தேட எண்ணி, திவாகர நிகண்டை எடுத்து அவனருகில் நானே சென்று அமர்ந்தேன். பரி, புரவி, இவுளி, துரகம், மா என்று ஒரு விலங்குக்கு இத்தனை பெயரா என வியந்தான். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சோம்பியவன், இச்சொற்களைத் தானே எழுதிச் சுவரில் ஒட்டினான். குர்ஆனின் 100ஆம் அத்தியாயமாகிய ஆதியாத், விரைந்தோடும் குதிரைகளைக் குறித்துத் தொடங்குவதென உரையாசிரியர் பலர் கூறுவர். அதனைச் சொன்னதும் ஒரே நாளில் பாடமாக்கினான்.

பின்னர் நெடுந்தீவின் கதையைச் சொன்னேன். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அங்கே கட்டற்றுத் திரிகின்றன. ஒல்லாந்தர் கட்டிய லாயத்தின் தூண்கள் இன்றும் இடிந்து நிற்கின்றன. கடும் வறட்சியில் நீரின்றிக் குதிரைகள் இறந்ததும் உண்டு என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தவன், “மூத்தவாப்பா, அதுகளுக்குத் தண்ணி வைக்க ஆரும் இல்லையா?” என்று கேட்டான். மறுநாள் எங்கள் வளவின் மூலையில், தெரு ஆடுகளுக்கென ஒரு சட்டி நீர் இருந்தது.

பரீட்சை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆசிரியத் தொழிலில் தலை நரைத்தவன் அவ்வாறு சொல்வேனா? கணக்கும் வேண்டும், பரீட்சையும் வேண்டும். ஆனால் ஏழு வயதில் ஒரு பொருளை முழு மனத்தோடு நேசிக்கப் பழகியவனே பின்னர் எதனையும் முழு மனத்தோடு கற்பான். குதிரைப் பித்து நாளை நீங்கலாம். அவன் வைத்தியனாகலாம், வணிகனாகலாம், வயல் உழலாம். நீங்கினால் நட்டமில்லை. நாமே அழித்தால்தான் நட்டம்.

பெற்றோரே, பிள்ளையின் ஆசைக்குக் கடிவாளம் இடுங்கள், கால்தளை இடாதீர்கள். கடிவாளம் வழிகாட்டும், தளை முடமாக்கும். என் பேரனின் கணக்குக் கொப்பியில் இப்போது மீண்டும் குதிரைகள் ஓடுகின்றன. கணக்குகளும் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன.