மாநாட்டுக்கு ஜோடியாகப் போங்கள், பில்லை நீங்களே கட்டுங்கள்

1/
போன வாரக் கடைசியில் நானும் கணவரும் மதுரைக்குப் போய் வந்தோம். எனக்கு அங்கே ரெண்டு நாள் மருத்துவ மாநாடு. அவருக்குக் கறி தோசை. ரெண்டுமே நல்லபடியா முடிஞ்சது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நீளமானது. சாப்பாடு கொஞ்சம், வாக்குமூலம் கொஞ்சம். கடைசியில் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

2/
"டாக்டருங்க எதுக்கு அடிக்கடி மாநாடுன்னு கிளம்பிடறீங்க?" என்று கேட்பவர்களுக்கு: நாங்கள் படித்து முடித்தபோது இருந்த சிகிச்சை முறைகள் பல இன்று மாறிவிட்டன. ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வியில் கலந்துகொள்ள வேண்டும் என்று எங்கள் ஒழுங்குமுறை விதிகளே சொல்கின்றன. ஆகவே போவது ஊர் சுற்ற மட்டும் இல்லை.

3/
ஆனால் ஊர் சுற்றவும்தான். மறைப்பானேன்? விழுப்புரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் நான் பொது மருத்துவர். கணவர் வங்கி ஊழியர். அவர் வீடு திரும்பும் நேரத்தில் எனக்கு மாலை ஓ.பி. ஆரம்பிக்கும். நான் முடித்து வரும்போது அவர் சாப்பிட்டு, எனக்கு எடுத்து மூடி வைத்திருப்பார். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விசேஷம். அதனால் மாநாடு வந்தால் அவரும் லீவு போட்டுவிட்டுக் கூட வருவார். இதில் தப்பு எதுவும் இல்லை. துணையை அழைத்துப் போங்கள் என்றுதான் மற்ற மருத்துவர்களுக்கும் சொல்வேன்.

4/
கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்த ரெண்டு நாள் பில்லை யார் கட்டுகிறார்கள்?

5/
இப்போது வாக்குமூலம். சுமார் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மருந்துக் கம்பெனி எங்கள் இருவரையும் கொடைக்கானலுக்கு அழைத்தது. "கருத்தரங்கு மேடம், சாரையும் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க." கார், ஏரியைப் பார்த்த அறை, ரெண்டு ராத்திரி விருந்து. கருத்தரங்கு மொத்தம் ஒன்றரை மணி நேரம். நான் பேச்சாளர்கூட இல்லை. போனோம். நன்றாகவே சாப்பிட்டோம்.

6/
நாலு மாதம் கழித்து ஒரு அம்மா ஓ.பி.க்கு வந்தார். விவசாயக் கூலி வேலை. ஏற்கெனவே என்னிடம் பி.பி.க்கு மருந்து எடுப்பவர். அன்று பார்த்தால் 180/110. "மாத்திரை ஒழுங்கா போடறீங்களாம்மா?" என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடறேம்மா. மாசத்துக்கு 450 ரூபா ஆவுது. தாங்கல."

7/
சீட்டை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்து. அதே கம்பெனியின் பெயர். ஒரு மாத்திரை 15 ரூபாய். அதே மருந்து, அதே அளவு, நான் அதுவரை எழுதிவந்த பிராண்டில் 4 ரூபாய். ஏன் மாற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை, காசும் கொடுக்கவில்லை. கை பாட்டுக்கு எழுதியிருக்கிறது.

8/
அன்று ராத்திரி கணவரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ கொடைக்கானல் ரூமுக்கு அந்தம்மாதான் வாடகை கட்டியிருக்காங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வங்கிக்காரர், கணக்குப் பார்த்துச் சொன்னார். பதினோரு வருஷம் ஆகியும் எனக்கு மறக்கவில்லை.

9/
"ஒரு வேளை சாப்பாட்டுக்கா டாக்டர் மாறிடுவார்?" என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1992இல் 'செஸ்ட்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. கம்பெனி செலவில் சுற்றுலாத் தலங்களில் நடந்த கருத்தரங்குகளுக்குப் போன அமெரிக்க மருத்துவர்களைப் பற்றியது. "இதனால் நாங்கள் எழுதும் மருந்து மாறாது" என்றுதான் பெரும்பாலானோர் நம்பினார்கள். திரும்பி வந்த பிறகு அந்த மருந்துகளின் பயன்பாடு கணிசமாகக் கூடியிருந்தது.

10/
அது சின்ன ஆய்வு. 2016இல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழில் வந்தது பெரியது. அமெரிக்காவில் 2 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் அதிகமான மருத்துவர்களின் தரவு. சராசரியாக 20 டாலருக்கும் குறைவான ஒரே ஒரு சாப்பாடு வாங்கிக்கொண்டவர்கள்கூட, வாங்காதவர்களைவிட அந்தக் குறிப்பிட்ட பிராண்டை அதிகம் எழுதினார்கள். இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. ஆனால் என் கையெழுத்தை நானே பார்த்துவிட்டேனே.

11/
சட்டம் என்ன சொல்கிறது? கம்பெனியிடமிருந்து பரிசு, பயணச் செலவு, தங்கும் வசதி எதையும் தனக்கோ குடும்பத்துக்கோ மருத்துவர் வாங்கக் கூடாது என்று 2009லேயே எங்கள் நெறிமுறை விதிகளில் சேர்த்துவிட்டார்கள். ஆக, நான் கொடைக்கானல் போனதே விதிமீறல். இப்படிக் கொடுக்கும் இலவசங்களைக் கம்பெனிகள் வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசின் மருந்துத் துறை கொண்டுவந்த விதித்தொகுப்பும், மாநாட்டில் பேச்சாளராக வருபவரைத் தவிர மற்ற மருத்துவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் ரயில், விமான டிக்கெட்டும் சுற்றுலாவும் கொடுக்கக் கூடாது என்கிறது.

12/
சட்டத்தை விடுங்கள். குடும்பக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. கொடைக்கானலில் ரெண்டு ராத்திரியும் நாங்கள் தனியாகச் சாப்பிடவே இல்லை. எங்கள் மேசையில் மேனேஜர் ஒருவர், அவருக்கு மேலே ஒருவர். "சார், இன்னும் கொஞ்சம் வெச்சுக்குங்க." அவரும் பாவம், மாத்திரையின் அருமை பெருமைகளைக் கேட்டுக்கொண்டே பிரியாணி சாப்பிட்டார். காசு அவர்களுடையது, சாயங்காலமும் அவர்களுடையது.

13/
மதுரைக்கு வருவோம். வெள்ளிக்கிழமை விழுப்புரத்தில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறினோம். மதுரையில் இறங்கும்போது இரவு ஒன்பது தாண்டிவிட்டது. ஊர் அப்போதுதான் அடுப்பைப் பற்றவைத்த மாதிரி இருந்தது. ஸ்டேஷன் பக்கத்திலேயே பரோட்டா, சால்னா. "கார்போஹைட்ரேட் டாக்டரம்மா" என்று அவரே எனக்கு ஞாபகப்படுத்திவிட்டு ரெண்டாவது பரோட்டாவைப் பிய்த்தார்.

14/
சனிக்கிழமை முழுக்க நான் அரங்கில். எனக்குப் பிடித்த அமர்வு, வீட்டிலேயே பி.பி. பார்ப்பது பற்றியது. நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்: சிறுநீர் கழித்துவிட்டு வந்து, ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில் படட்டும், கை இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். பார்க்கும்போது பேசாதீர்கள். அவர் திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்துவிட்டு, எங்கே என்ன சாப்பிடலாம் என்று ஊர்க்காரர்களிடம் விசாரித்து வைத்திருந்தார்.

15/
அன்று ராத்திரி மாநாட்டில் பெரிய விருந்து. போகவில்லை. கறி சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்கு வர அவர் சம்மதிக்க மாட்டார் என்பதால் முதலில் மீனாட்சி கோயில், பள்ளியறை பூஜை வரை. நாள் முழுக்கத் தன் சன்னதியில் இருந்த சொக்கநாதர், ராத்திரியானதும் பல்லக்கில் மீனாட்சியின் பள்ளியறைக்கு வருகிறார். தினமும். "பாரு, அவர் ட்யூட்டி முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வந்துடறார்" என்றார் கணவர். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

16/
பிறகு சிம்மக்கல் கோனார் மெஸ். கனமான தோசை, மேலே முட்டை, அதற்கு மேலே கொத்துக்கறி. ஆளுக்கு ஒன்று. விளக்குத்தூண் பக்கம் நடந்து போய் ஒரு ஜிகர்தண்டா வாங்கி ரெண்டு பேரும் பகிர்ந்து குடித்தோம். போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். அவர் அலுவலகத்தில் ஆறு மாதமாக ஒரு சிக்கல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எதிரே மேனேஜர் உட்கார்ந்திருந்தால் அந்தப் பேச்சு வந்திருக்குமா?

17/
செலவு: பதிவுக் கட்டணம், ரெண்டு பேருக்கும் போக வர ரயில், ரெண்டு ராத்திரி அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 13 ஆயிரத்துச் சொச்சம். மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைத்தது. நட்சத்திர ஓட்டல் கிடையாது, ஏரி தெரியாது. ஞாயிறு மதியம் மாநாடு முடிந்து, இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் திரும்பினோம்.

18/
"உங்களால முடியும். உதவித்தொகையில காலம் தள்ளுற பி.ஜி. மாணவர் என்ன செய்வார்?" நியாயமான கேள்வி. என் பதில்: மாநாட்டையே மலிவாக்குங்கள். மருத்துவக் கல்லூரி அரங்கம் போதும், மதியத்துக்கு வாழையிலைப் பொட்டலம் போதும். ராத்திரி விருந்தை எடுத்துவிட்டால் கட்டணம் எவ்வளவு குறையும் என்று அமைப்பாளர்கள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். மாணவர்களுக்குக் கட்டணத்தில் பெரிய சலுகை தரட்டும்.

19/
எல்லா மருத்துவர்களும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஒரு ரூபாய் வாங்காமல் நாற்பது வருஷம் பார்த்தவர்களிடம்தான் நான் வேலை கற்றேன். என்னைப் போல "எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று நினைத்துப் போகிறவர்களுக்குத்தான் இது.

20/
இப்போது உங்கள் வேலை. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது தயங்காமல் கேளுங்கள்: "இதே மருந்து விலை குறைவா இருக்கா டாக்டர்?" இது அவமரியாதை இல்லை. மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகத்தில் கிடைக்குமா என்றும் கேளுங்கள். நீங்களாக மாற்றாதீர்கள், நிறுத்தாதீர்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடாதீர்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த அம்மா சொன்னதால்தான் எனக்குத் தெரிந்தது.

21/
அவருக்கு அன்றே பழைய மாத்திரையை எழுதிக் கொடுத்தேன். இப்போதும் மாதம் தவறாமல் வருகிறார், பி.பி. கட்டுக்குள் இருக்கிறது. நேற்று, "எங்கம்மா ரெண்டு நாளா காணோம்?" என்று கேட்டார். மதுரைக்கு என்றேன். "ஐயாவும் வந்தாரா?" வந்தார் என்றேன். "நல்லதும்மா" என்றார்.

எனக்கும் சொல்லக் கூச்சமாக இல்லை.