யாரும் பார்க்காத ஒட்டு



நமக்கு வந்த கேள்விகளில் ஒன்றை இம்முறை முழுப் பக்கத்துக்கும் எடுத்துக்கொள்கிறோம். ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: அப்பாவுக்குத் தெரிந்த ஒருவரின் பண்ணைக் கொட்டகையில் 1979ஆம் ஆண்டு லாண்ட் றோவர் ஒன்று நிற்கிறதாம். எஞ்சின் ஓடுகிறது, அடியில் மட்டும் கொஞ்சம் கறள். "40 வருடம் தாண்டிய வாகனத்துக்கு எம்.ஓ.ரி. தேவையில்லை என்கிறார்கள். அப்படியானால் நானே வெல்டிங் பழகி, கறள் பிடித்த இடங்களுக்குத் தகடு ஒட்டி, கோடை விடுமுறைக்குத் தங்கச்சிமாரையும் ஏற்றிக்கொண்டு வேல்ஸ் பக்கம் போகலாமா?"

நல்ல ஆசை. வெல்டிங் பழகலாம், அந்த வண்டியையும் எழுப்பலாம். தங்கச்சிமாரை ஏற்றுவதற்கு முன் என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்பதைத்தான் இந்தப் பக்கத்தில் சொல்லப் போகிறோம்.

எம்.ஓ.ரி. பற்றித் தம்பி கேள்விப்பட்டது சரி. 2018 மே 20 முதல், 40 ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத கார்களுக்கு இங்கே வருடாந்தச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் வாகனம் வீதிக்குத் தகுதியான நிலையில் இருக்கவேண்டும் என்ற சட்டம் மாறவில்லை. ஆபத்தான நிலையில் உள்ள வாகனத்தை ஓட்டினால் 2,500 பவுண் வரை அபராதமும் 3 புள்ளிகளும் விழலாம். அபராதத்தை விடுங்கள். சோதனைக்குப் போனால் ஒருவர் வண்டியின் அடியில் நின்று, வெளிச்சம் அடித்து, தட்டிப் பார்ப்பார். இப்போது அந்த வேலை முழுவதும் உங்கள் கையில் வந்திருக்கிறது. நீங்கள் போட்ட ஒட்டை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

இந்த வண்டியின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது உதவும். றோவர் கம்பனியின் தலைமைப் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸ், வேல்ஸின் அங்கிள்சி தீவில் இருந்த தம் பண்ணையில் பழைய இராணுவ ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அதற்குப் பதிலாக நாமே ஒன்று செய்தால் என்ன என்று 1947இல் அங்குள்ள கடற்கரை மணலில் அவர் கீறிய படந்தான் லாண்ட் றோவரின் தொடக்கம் என்பார்கள். 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் அது வெளிவந்தது. போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாடு. அதனால் உடலை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். சேசிஸ் என்ற அடிச்சட்டம் மட்டும் உருக்கு.

வாங்கப் போகிறவரை ஏமாற்றுவது இந்த அமைப்புத்தான். அலுமினிய உடல் செங்கறள் பிடிக்காது. வெளியே பார்த்தால் வண்டி திடமாக நிற்பதுபோலத் தோன்றும். அடிச்சட்டமோ உருக்குத் தகடுகளைப் பெட்டிபோல ஒட்டிச் செய்தது, உள்ளே வெற்றிடம். சேறும், குளிர்காலத்தில் வீதியில் தூவும் உப்பும் அதற்குள் போய் ஈரத்தோடு தங்கிவிடும். ஆகவே கறள் உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே ஒரு சதக் குற்றி அளவு ஓட்டை தெரிந்தால், உள்ளே கையளவு தகடு மெலிந்திருக்கலாம். கறுப்புப் பூச்சு புதிதாகப் பளபளக்கும் அடிச்சட்டத்தைக் கண்டால் இன்னும் கவனமாக இருங்கள்.

பண்ணைக்குப் போகும்போது ஒரு சிறு சுத்தியல், ஒரு பழைய திருப்புளி, ஒரு நல்ல ரோர்ச் கொண்டுபோங்கள். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு அடிச்சட்டத்தை முன்னிருந்து பின்வரை தட்டுங்கள். நல்ல உருக்கு "கணீர்" என்று சொல்லும். இற்றது "பொத்" என்று சொல்லும். முக்கியமாகப் பார்க்கவேண்டிய இடங்கள்: பின்பக்கக் குறுக்குச்சட்டம், ஸ்பிரிங் தொங்கும் கொளுவிகள், உடலைத் தாங்குவதற்காகப் பக்கவாட்டில் நீளும் கைகள், கால் வைக்கும் தட்டுகள், கதவுத் தூண்களின் அடி. அலுமினியமும் உருக்கும் தொடும் இடங்களில் வெள்ளைத் தூள் பூத்திருந்தால் அங்கே அலுமினியம் அரிக்கப்படுகிறது என்று அர்த்தம். ஒவ்வொன்றையும் படம் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் "பொத்" என்று கேட்டால், புதிய நாகம் பூசிய அடிச்சட்டம் வாங்கி மாற்றுவதே நேர்மையான கணக்கு. அதற்குச் சில ஆயிரம் பவுண் போகும். வண்டிக்கு விலை பேசுவதற்கு முன்னரே அதை அப்பாவோடு பேசிவிடுங்கள்.

இனி வெல்டிங்.

ஊரில் கேற், யன்னல் கம்பி ஒட்டும் கடைகளில் நம் அப்பாமார் பார்த்தது குச்சி வெல்டிங். மெல்லிய தகட்டுக்கு, அதுவும் பழகுகிறவருக்கு, மிக் என்ற முறை இலகு. மெல்லிய உருக்குக் கம்பி ஒரு சுருளிலிருந்து கைப்பிடி வழியாகத் தானாக வந்துகொண்டிருக்கும். கம்பிநுனிக்கும் தகட்டுக்கும் இடையே மின்பொறி பாய்ந்து இரண்டையும் உருக்கும். அதே வாயால் ஆர்கனும் காபனீரொட்சைட்டும் கலந்த வாயு வந்து உருகிய குழம்பைக் காற்றுப் படாமல் மூடும். காற்றுப் பட்டால் ஒட்டு பணியாரம்போலத் துளைதுளையாகிவிடும். இந்த அடிச்சட்டத்தின் தகடு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்பு, அதற்கு 0.8 மில்லிமீற்றர் கம்பி பொருந்தும்.

முதல் சில வாரங்கள் வண்டியைத் தொடவேண்டாம். அதே தடிப்பில் கழிவுத் தகடுகள் வாங்கி, கிரைண்டரால் வெள்ளி மின்னும்வரை சுத்தம் செய்து, அவற்றில் பழகுங்கள். கண் பொறியின் பின்னால் போகக்கூடாது. உருகி நிற்கும் சிறு குளத்தைப் பார்த்தபடி கையை நகர்த்த வேண்டும். காதும் உதவும். மின்னோட்டமும் கம்பியின் வேகமும் ஒத்துப்போனால் வடை பொரிவதுபோல ஒரே சீரான சத்தம் வரும். விட்டுவிட்டு வெடித்தால் ஏதோ ஒன்று பொருந்தவில்லை.

பழகுகிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறோம்: அழகான ஒட்டு எல்லாம் பலமான ஒட்டு அல்ல. சூடு போதாவிட்டால் கம்பி உருகித் தகட்டின் மேலே வரிசையாகப் படுத்துவிடும், அடித்தகடு உருகியிராது. பார்க்க ஒழுங்காக இருக்கும், பாரம் வந்தால் உரிந்துவிடும். அதனால் பழகும் துண்டு ஒவ்வொன்றையும் உடைத்துப் பாருங்கள். பின்பக்கத்தில் உருகி வந்த அடையாளம் தெரிகிறதா? வைஸில் இறுக்கிச் சுத்தியலால் மடித்தால் ஒட்டு விடுகிறதா, தகடு மடிகிறதா? வாளால் குறுக்கே அறுத்தால் இரண்டு தகடுகளும் ஒன்றாகியிருக்கின்றனவா? தொடர்ந்து பத்துத் துண்டுகள் இந்தச் சோதனையில் தேறும்வரை பழகுங்கள்.

வண்டிக்கு வரும்போதும் குறுக்குவழி இல்லை. கறளுக்கு மேல் தகடு ஒட்டமுடியாது. கறள் உருகிப் பிடிக்காது. நல்ல உருக்கு வரும்வரை வெட்டி எடுக்கவேண்டும். அப்போது ஓட்டை நினைத்ததைவிடப் பெரிதாகும், மனமும் சோரும். அது வேலையின் ஒரு பகுதி. அளவாக வெட்டிய புதுத் தகட்டை முதலில் அங்கங்கே புள்ளி வைத்துப் பிடியுங்கள். பிறகு ஒரே மூச்சில் ஓடாமல், இடம் மாறி மாறிச் சிறு சிறு துண்டாக ஒட்டினால் சூட்டில் தகடு கோணாது. முடிவில் ஒட்டு சுற்றிவர இடைவெளியின்றி இருக்கவேண்டும். பாரம் தாங்கும் இடத்தில் ஃபில்லர் பசைக்கு வேலையே இல்லை. ஆறியபின் வெளியே பூச்சும், பெட்டியின் உள்ளே மெழுகும் அடிக்காவிட்டால், சூட்டில் உட்பூச்சு எரிந்த அந்த இடமே அடுத்த கறளின் வீடாகும்.

பாதுகாப்பை வாசித்துவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். இந்த வண்டியில் பெற்றோல் தாங்கி முன் இருக்கைக்கு அடியில், அடிச்சட்டத்தை ஒட்டியே இருக்கிறது. அதைக் கழற்றித் தூரக் கொண்டுபோய் வையுங்கள். வெறுமையான தாங்கியில் ஆவி நிற்கும். அதை ஒருபோதும் ஒட்ட முயலவேண்டாம். பற்றரியின் இணைப்பைக் கழற்றுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் தகட்டைத் துடைத்துவிட்டு வெல்டிங் செய்தால் நச்சுவாயு உண்டாகும். நாகம் பூசிய தகட்டின் புகை காய்ச்சல் தரும். ஒட்டும் இடத்தில் அந்தப் பூச்சைச் சுரண்டி எடுக்கவேண்டும். பொறியை வெறுங்கண்ணால் பார்த்தால் சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மண் விழுந்ததுபோல் எரியும். வேடிக்கை பார்க்க வரும் தம்பிமாருக்கும் முகமூடி வேண்டும். வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகாம் 2017இல் வகைப்படுத்தியது. கதவு திறந்திருப்பது போதாது. சரியான சுவாசக் கவசம் அணியுங்கள். வேலை முடிந்து குறைந்தது ஒரு மணி நேரமாவது அருகில் இருந்து, எங்கும் புகைகிறதா என்று பாருங்கள். தனியாக ஒருநாளும் செய்யவேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பரீட்சைக் காலத்தில் கறள் சுரண்டுகிறானே என்று கவலைப்படுவீர்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஏ-40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டி வைத்திருந்தவர்கள் நம்மவர்கள். அந்தக் கைப்பழக்கம் உள்ள மாமாமார் நம் சபைகளில் இருக்கிறார்கள். பிள்ளைகளை அவர்களிடம் கொண்டுபோய் விடுங்கள். மகள் கேட்டாலும் அப்படியே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லண்டன் வாட்டர்லூ பாலம் எழும்பியபோது வெல்டிங் வேலையில் பெண்களும் நின்றார்கள். பல ஊர்களில் கல்லூரிகள் வெல்டிங்குக்கு மாலை வகுப்பு நடத்துகின்றன. இயந்திரம் வாங்குமுன் அதற்குக் கட்டணம் கட்டுங்கள்.

ஆக, தம்பி, இந்தக் கோடைக்கு வேல்ஸ் வேண்டாம். இந்தக் கோடை பழகுவதற்கு. ஸ்பிரிங் கொளுவி, பின் குறுக்குச்சட்டம் போன்ற இடங்களை அனுபவமுள்ள ஒருவர் ஒட்டட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். எல்லாம் முடிந்தபின், கட்டாயமில்லாவிட்டாலும், நீங்களாகவே வண்டியை எம்.ஓ.ரி. சோதனைக்குக் கொண்டுபோங்கள். உங்கள் ஒட்டைத் தட்டிப் பார்க்கும்படி சோதிப்பவரிடம் கேளுங்கள். அங்கே "கணீர்" என்று கேட்டபிறகு தங்கச்சிமாரை ஏற்றுங்கள்.