தூரம் அதிகம், நேரம் குறைவு!

டில்லியிலிருந்து அமெரிக்காவிலுள்ள ஸான்பிரான்ஸிஸ்கோவுக்கு எவ்வளவு தூரம்? ஆகாய விமானத்தில் எத்தனை மணி நேரம்? "இது என்ன பிரமாதக் கணக்கு?" என்று நினைத்துவிடாதீர்கள்.

முதலில் தூரம். குழந்தைகளின் தேசப்படத்தைப் பார்த்தால், சீனா, ஜப்பான், பசிபிக் மகாசமுத்திரம் என்று நேராகக் கோடு இழுக்கத் தோன்றும். ஆனால் பூமி தட்டை அல்லவே! வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் மெல்ல நழுவி, வடக்கே பனிப் பிரதேசத்தின் மேல் போய் நிற்கும். அதுதான் மிகக் குறுகிய வழி. சுமார் 12,400 கிலோமீட்டர்.

அப்படியானால் விமானம் அந்த வழியில்தான் போகுமா? அதுதான் இல்லை! 2016-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஏர் இந்தியா விமானம் ஒன்று, வழக்கமான அட்லாண்டிக் பாதையை விட்டுவிட்டுக் கிழக்கே பசிபிக் வழியாகப் பறந்தது. பழைய பாதை சுமார் 13,900 கிலோமீட்டர். புதியதோ சுமார் 15,300. ஆனாலும் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. பழைய பாதையைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம்!

இந்த மாயத்தைச் செய்தவர் வாயு பகவான்தான். விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. அதன் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. ஆற்றோட்டத்தோடு போகும் ஓடத்துக்கும் எதிர்த்துப் போகும் ஓடத்துக்கும் உள்ள வித்தியாசந்தான். நம் நாட்டிலிருந்து லண்டன் போக ஆகும் நேரத்தைவிட, அங்கிருந்து திரும்பும் நேரம் குறைவாக இருப்பதும் இதனால்தான்.

இன்னொரு வேடிக்கை. அந்த விமானம் ஞாயிறு விடியற்காலை 4 மணிக்கு டில்லியை விட்டது. ஸான்பிரான்ஸிஸ்கோவில் இறங்கியபோது அதே ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை! கடிகாரத்தை நம்பினால் பிரயாணம் இரண்டரை மணி நேரந்தான். நடுவே சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டியதால் வந்த விந்தை இது.

வேடிக்கை இருக்கட்டும், இதில் நம் வீட்டுக் காரியமும் ஒன்று இருக்கிறது. மகளின் பிரசவத்துக்கென்று தனியாக அமெரிக்கா புறப்படும் பாட்டிமார் இன்று எத்தனை பேர்! அவர்களில் பலருக்கு நீரிழிவு, ரத்தக் கொதிப்பு. "காலை மாத்திரை, இரவு மாத்திரை" என்று பழகியவர்கள், போன இடத்துக் கடிகாரத்தைப் பார்த்து மருந்து சாப்பிட்டால் ஒரு வேளை கூடிவிடும், அல்லது விட்டுப்போகும். இன்ஸுலின் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு அது ஆபத்து.

ஆகவே, டிக்கட் வாங்கியதும் பிரயாண நேரத்தை எழுதிக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். எத்தனை மணிக்கொரு தரம் எந்த மருந்து என்று அவரையே குறித்துத் தரச் சொல்லுங்கள். மருந்துகள் கைப்பையிலேயே இருக்கட்டும்; பெரிய பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்வது? ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் காலில் ரத்தம் உறையக்கூடும். அவ்வப்போது எழுந்து நாலடி நடக்கச் சொல்லுங்கள்.

வழியனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் உடனே கலங்காதீர்கள். காற்று எதிர்த்து வீசியிருக்கும், அவ்வளவுதான்!