தொடர்வினையும் தாய்மொழியும்

ஆங்கிலத்தில் 'புற்' என்பது வைத்தல். 'ஓவ்' என்பது அப்பால். இவ்விரண்டையும் தனித்தனியே கற்ற ஓர் இளைஞனுக்கு, நேர்முகத் தேர்வு 'புற் ஓவ்' செய்யப்பட்டுள்ளது என்று கடிதம் ஒன்று வருவதாகக் கொள்வோம். தேர்வு அப்பால் ஓரிடத்தில் வைக்கப்படுகின்றதென்று அவன் எண்ணுவானாயின், தெல்தோட்டையிலிருந்தோ புசல்லாவையிலிருந்தோ விடியுமுன் பேருந்தேறிக் கண்டிக்கு வந்து, பூட்டிய கதவைக் கண்டு மீள்வான். அரிய சொல் ஒன்றும் அவனை ஏமாற்றவில்லை. நன்கறிந்த இரு சிறு சொற்களே ஏமாற்றின.

வினையோடு சிறுசொல் சேர்ந்து புதுப்பொருள் பயக்கும் இத்தகையவற்றை ஆங்கில இலக்கணத்தார் 'பிறேசல் வேர்ப்' என்பர். நாம் ஈண்டுத் தொடர்வினை என்போம். 1755இல் ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சனே, பிறமொழியாளர்க்குப் பெரிதும் இடர் தருவன இவை என்று தம் முன்னுரையில் குறித்திருக்கின்றார். ஆகவே இடர்ப்படுவது நம் பிள்ளைகளின் குறையன்று. கற்பிக்கும் முறையே ஆராய்தற்குரியது.

இன்று நடப்பதென்ன? நூறு தொடர்வினைகளை ஒருபுறமும் அவற்றின் பொருளை மறுபுறமும் அச்சிட்டுக் கொடுத்து மனனம் செய்விக்கின்றனர். பரீட்சை முடிந்ததும் பட்டியலும் மறைகின்றது, பொருளும் மறைகின்றது. ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பித்தல் வேண்டும், தாய்மொழி குறுக்கே வருதல் தகாது என்பார் கொள்கை இதற்கு ஒரு காரணம். அக்கொள்கை, வீட்டில் ஆங்கிலம் ஒலிக்கும் பிள்ளைக்குப் பொருந்தலாம். அந்தப் பிள்ளை தொடர்வினைகளை உண்ணும்போதும் விளையாடும்போதும் கேட்டே அறிந்துகொள்கின்றது. தோட்டத்து லயன் அறையிலிருந்து வரும் பிள்ளை அவற்றை எங்கே கேட்கும்?

அப்பிள்ளையிடமும் ஒரு செல்வம் உண்டு. அது தமிழ். நம் மொழியிலும் இவ்வினைகள் நிரம்ப உள. 'பிற்போடு' என்கின்றோம்; 'ஒத்திவை' என்கின்றோம். போடுதலும் வைத்தலுமே 'புற்'. குழந்தையைப் 'பார்த்துக்கொள்' என்று தாய் சொல்லுமிடத்து, வெறுமனே நோக்கிக்கொண்டிருப்பது பொருளாகுமா? ஆங்கிலேயரும் 'லுக்' என்னும் பார்த்தல் வினையோடு 'ஆவ்ரர்' சேர்த்து அப்பொருளையே பெறுகின்றனர். 'விட்டுக்கொடு' என்பதில் கொடுத்தல் உள்ளது. 'கிவ் இன்' என்பதிலும் உள்ளது. 'ஈற் அப்' என்பதில் வரும் 'அப்' மேலே என்று பொருள்படாது. தின்றுவிடு என்பதில் 'விடு' போல முடிவு காட்டி நிற்கும். இவ்வொப்புமைகளை ஒருமுறை கண்ட மாணாக்கர்க்குத் தொடர்வினை அன்னியமாகத் தோன்றாது.

தொல்காப்பியரும் இதற்கு வழிகாட்டியுள்ளார். இடைச்சொல் தனித்து இயங்கும் தன்மையில்லாதது, பெயரையும் வினையையும் சார்ந்தே நடப்பது என்றார். ஒரு சொல் இப்பொருள் உணர்த்துவது ஏன் என்னும் காரணம் வெளிப்படத் தோன்றாது என்று உரியியலில் உரைத்தார். வழக்கை நோக்கிப் பொருள் கொள்க என்பது இவற்றால் நாம் பெறும் பாடம்.

எல்லாம் ஒத்து வரும் என்று கூறுவேமல்லேம். 'புற் அவுற்' என்பது நெருப்பை அணைத்தலையும் குறிக்கும். தமிழில் அதற்கு இணையான அமைப்பு இல்லை. 'அதை' என்னும் பொருளுடைய 'இற்' வருமிடத்து, 'புற் இற் ஓவ்' என்று இடையில் புகும். 'லுக் ஆவ்ரர் இற்' என்பதில் இறுதியிலேயே நிற்கும். இத்தகைய வேற்றுமைகளை வாக்கியத்தில் வைத்து, பேசியும் எழுதியும் பழக்குதல் வேண்டும். ஒற்றுமையை முதலில் கண்டவர்க்கே வேற்றுமை தெளிவாகத் தெரியும்.

இது வெறும் இலக்கண வாதமன்று. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்புமொழி என்றது. சிங்கள மாணாக்கரோ அதனைக் 'கடுவ', அதாவது வாள், என்று வழங்கினர். 1984இல் வெளிவந்த திரு கந்தையாவின் ஆங்கிலக் கட்டுரை அச்சொல்லையே தலைப்பிற் கொண்டது. இணைக்க வேண்டிய மொழி சிலர் கையில் வாளாக இருப்பது, அதனைப் பெறும் வழி சிலர்க்கே திறந்திருப்பதனாலன்றோ?

தாய்மொழியை விலக்கி ஆங்கிலம் வளராது என்பதற்குக் கண்டி நகரே சான்று. 1904 முதல் 1924 வரை திரித்துவக் கல்லூரி அதிபராயிருந்த ஃபிரேசர் என்னும் ஐரோப்பியர், ஆங்கில ஆட்சிக் காலத்திலேயே சிங்களமும் தமிழும் அக்கல்லூரியில் கற்பிக்கப்பட வழிசெய்தார்.

இன்று பாடசாலைகளில் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே அறையில் அமர்ந்தும் வெவ்வேறு உலகில் வாழ்கின்றனர். வாரம் ஒருமுறை இருவரும் கூடி, ஐந்து தொடர்வினைகளைத் தேர்ந்து, தமிழ் வழக்கோடு ஒப்பிட்டுப் பாடம் அமைப்பாராக. இதற்குப் புதிய கட்டடம் வேண்டா, பொருட்செலவும் வேண்டா. பட்டியலைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதிலும், அதன் நாவில் ஏற்கெனவே உள்ளதைக்கொண்டு கற்பித்தல் எளிது, நிலைப்பதும் அதுவே.