மொய் நோட்டும் நம் பெயர்ப்பட்டியலும்

தேனிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய்ப் பாருங்கள். பந்தல் வாசலில் மேசை போட்டு இரண்டு பேர் மொய் நோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பணத்தை எண்ணி வாங்குவார், இன்னொருவர் எழுதுவார். ஊர், தகப்பனார் பெயர், செய்தவர் பெயர், தொகை. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் பட்டப்பெயரும் ஏறும். மைக்செட்டில் ஊர் கேட்க வாசிப்பதும் உண்டு. செய்ததைத் திருப்பிச் செய்ய வேண்டும், அதற்கு யார் செய்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் தகப்பன் காலத்து நோட்டு இன்னும் மகன் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

இதே தேனிப் பக்கத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் வானொலிக்காரர்களான நாமும் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் வாங்கி வந்திருக்கிறோம். ஒலிபரப்பும்போது என்ன அறிவித்தோம்? "கிராமியப் பாடல்கள், பாடியவர்கள் குழுவினர்." நூறு ரூபாய் மொய்க்கு ஊர் கொடுக்கிற மரியாதையை ஒரு பாட்டுக்கு நாம் கொடுக்கவில்லை. மறக்கப்பட்ட கலைஞர்களைத் தேடும் வானொலி உரைச்சித்திரங்களுக்காக இந்த இதழை ஒதுக்கியிருக்கிறோம். அந்த மறதியில் நம் தொழிலுக்கும் பங்கு உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம்.

பண்ணைப்புரம் பாவலர் வரதராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். இளையராஜாவின் அண்ணன் என்று சொன்னால்தான் இன்று பலருக்கு விளங்குகிறது. 1958இல் கதை வேறு. அந்த ஆண்டு தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல். கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு அமைந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். தொகுதி முழுக்கத் தேயிலையும் ஏலமும். வேலை செய்த மக்களில் திரளானவர்கள் தமிழர்கள். மேடைப் பேச்சு ஏறாத இடத்தில் பாட்டு ஏறும் என்று தெரிந்தவர் பாவலர். பாடிக்கொண்டே மலைத் தோட்டங்களில் வாக்குக் கேட்டார். ரோசம்மா வென்றார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு என்று ஈ.எம்.எஸ். பாராட்டியதாக இன்றும் பேசிக்கொள்கிறார்கள். தம்பிகள் மேடை கற்றது அவர் பின்னால் ஊர் ஊராகப் போய்த்தான். 1976இல் தம்பி இசையமைத்த 'அன்னக்கிளி' வெளிவந்தபோது அதைக் கேட்க அண்ணன் இல்லை.

அவரைப் பற்றி உரைச்சித்திரம் செய்ய நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தம்பியின் புகழுக்கு முன்கதையாக அவரைச் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் இன்னொரு முறை மறந்தவர்களாவோம். அவர் பாட்டைக் கேட்டவர்களிடமிருந்து தொடங்குங்கள். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கத்துத் தோட்டங்களின் லயங்களுக்குப் போங்கள். அன்று எட்டு வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து கேட்ட பிள்ளைக்கு இன்று 75 தாண்டியிருக்கும். ராத்திரிக் கூட்டத்துக்கு எப்படி வந்தார்கள், எந்த வரிக்குக் கைதட்டினார்கள், மறுநாள் கொழுந்து பறிக்கும்போது எதை முணுமுணுத்தார்கள் என்று அவர்தான் சொல்ல வேண்டும். பாடகரின் வாழ்க்கை வரலாறு புத்தகத்தில் கிடைத்துவிடும். கேட்டவரின் காது நம் கருவிக்கு மட்டுமே கிடைக்கும்.

பாவலருக்காவது பெயர் இருக்கிறது. பெயரே இல்லாதவர்களை என்ன செய்வது?

பல வருஷங்களுக்கு முன் சின்னமனூர் அருகே ஒரு கிராமத்தில் நடவுப் பாட்டுப் பதிவு செய்யப் போயிருந்தேன். திண்ணையில் பாய் விரித்து, மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்து, "பாடுங்க அப்பத்தா" என்றேன். இரண்டு வரி வந்தது, நின்றுவிட்டது. மறுபடி முயன்றார்; மறுபடி நின்றது. "உக்காந்துக்கிட்டு எப்படிப்பா வரும்? குனிஞ்சாத்தான வரும்" என்று எழுந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து, வெறும் தரையில் நாற்று ஊன்றுகிற மாதிரி கையை இறக்கினார். கை இறங்கும்போது பாட்டு வந்தது. ஒவ்வொரு அடியின் முடிவிலும் மூச்சு சற்றே தெறித்தது; அது கை நாற்றை ஊன்றுகிற கணம் என்று அப்போதுதான் விளங்கியது.

பாடி முடித்து நிமிர்ந்தவர் சொன்னார்: "இது எம்பாட்டு இல்லப்பா. நான் கொமரியா இருக்கையில கோம்பையிலருந்து நடவுக்கு ஒருத்தி வருவா. அவகிட்டக் கேட்டது." பெயர் கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். "கோம்பைக்காரின்னுதான் கூப்பிடுவோம். பேரு யாரு கேட்டா?" என்றார்.

அந்தப் பாட்டியாவது தனக்குக் கற்றுத் தந்தவளின் ஊரைச் சொன்னார். நிகழ்ச்சி ஒலிபரப்பானபோது நான் அதைக்கூடச் சொல்லவில்லை. "நடவுப் பெண்கள் பாடியது" என்று எழுதிக் கொடுத்தேன். நேரம் இல்லை என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு பெயரும் இரண்டு ஊரும் சொல்ல ஐந்து விநாடி போதும்.

இந்த இடத்தில் அயர்லாந்துக்காரர்களிடம் நாம் கற்க ஒன்று உண்டு. 1935இல் அவர்கள் நாட்டார் வழக்காற்றுக்கென ஓர் ஆணையம் அமைத்தார்கள். 1937-39இல் ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகளிடம், வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள பெரியவர்களைக் கேட்டு எழுதி வரச் சொன்னார்கள். கதை, பாட்டு, வைத்தியம், விடுகதை என்று சேர்ந்தது ஏறத்தாழ 7,40,000 பக்கம். எழுதிய பிள்ளையின் பெயரோடு சொன்னவரின் பெயரும் ஊரும், பல இடங்களில் வயதும் அதில் உண்டு. ஆணையத்தின் சேகரிப்பாளர்கள் எடிபோன் என்ற கருவியில் மெழுகு உருளைகளில் குரலைப் பதிந்தார்கள். உருளைக்குக் காசு இல்லாததால், எழுதி முடித்ததும் மெழுகைச் சீவிவிட்டு மறுபடி பயன்படுத்தினார்கள். சுழல்நாடாவைத் துடைத்துப் புது நிகழ்ச்சி பதிந்த காலத்தை அறிந்த நம் மூத்தவர்களுக்கு அந்த வலி புரியும். அங்கே குரல் போனது; சொன்னவரின் பெயர் நின்றது. பெயர் நின்றதால் இன்று ஒரு வானொலிக்காரர் அந்தக் குடும்பத்தின் கதவைத் தட்ட முடிகிறது. சேமஸ் என்னிஸ் என்பவர் அந்த ஆணையத்துக்காகச் சைக்கிளில் போய்ப் பாட்டுகளைக் கேட்டு எழுதி வந்தவர். 1947இல் அயர்லாந்து வானொலியின் நடமாடும் ஒலிப்பதிவுப் பிரிவில் சேர்ந்தபோது, எந்த ஊரில் எந்தக் கதவுக்குப் பின்னால் எந்தப் பாட்டு இருக்கிறது என்று அவருக்கு முன்பே தெரியும்.

நம்மிடமும் கதவு எண் இருக்கிறது, தேடுவதில்லை. 'வள்ளி திருமணம்' நாடகத்துக்கு அடித்த பழைய நோட்டீஸ் ஒன்றைப் பாருங்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். திருவிழாக் கணக்கு வைத்திருந்த பெரியவர் வீட்டிலும், ஊர் மைக்செட்காரர் வீட்டிலும், அச்சகங்களின் மூலைகளிலும் இவை கிடக்கின்றன. நாடகக் கலைஞர்களைத் தேடுகிறவர்கள் முதலில் நோட்டீஸைத் தேடுங்கள்.

பதிவின்போது செய்ய வேண்டியவை சில. கருவியை ஓடவிட்டதும் முதலில் பதிய வேண்டியது பாடுபவரின் பெயர், ஊர், யாரிடம் கற்றார் என்பது. அதையும் அவர் வாயாலேயே. தேதியை நீங்கள் சொல்லுங்கள். கோப்புக்கும் அதே பெயரை வையுங்கள். சுருக்காத மூலக்கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு மட்டும் எம்பி3 ஆக்குங்கள். கிளம்புமுன் அந்த இடத்தின் சத்தத்தை ஒரு நிமிஷம் தனியாகப் பதியுங்கள். வாய்க்கால் தண்ணீரும் அந்தப் பாட்டின் பக்கவாத்தியம்தான். ஒரு பிரதியைப் பேரப்பிள்ளையின் கைப்பேசியில் ஏற்றிவிட்டு, ஒலிபரப்பாகும் நாளையும் நேரத்தையும் சொல்லிவிட்டு வாருங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பறை அடித்த குடும்பத்திலும் ஒப்பாரி பாடிய குடும்பத்திலும், பெயர் வெளியே வருவதைப் பிள்ளைகள் விரும்பாமல் போகலாம். அந்தக் கலையோடு சேர்த்துச் சாதி இழிவையும் சுமந்தவர்கள் அவர்கள். கேளுங்கள். வேண்டாம் என்றால் சொல்லாதீர்கள். பெயர் சொல்ல வேண்டும் என்று நாம் வாதாடுவது அவர்கள் மரியாதைக்காக. அதை மறைத்துக்கொள்வதும் அவர்கள் மரியாதைக்காகவே என்றால் அதுவும் அவர்கள் உரிமை.

சித்திரை வந்தால் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. பள்ளத்தாக்கு முழுக்க மேளமும் நாடகமும் பாட்டுமாக இருக்கும். நம்மில் பலர் கருவியோடு அங்கே போகப்போகிறோம். ஆசிரியர் குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. அடுத்த இதழிலிருந்து, பாடியவர், வாசித்தவர், சொன்னவர், அவர்களுக்குக் கற்றுத் தந்தவர் என்ற பெயர்ப்பட்டியல் ஊரோடு இல்லாத உரைச்சித்திரத்தை மதிப்புரைக்கு எடுத்துக்கொள்ள மாட்டோம். தெரியாத பெயருக்கு நேரே இடத்தைக் காலியாக விடுங்கள். "குழுவினர்" என்று நிரப்பாதீர்கள். காலி இடம் இருந்தால், பின்னால் வருகிற ஒருவர் அதை நிரப்பத் தேடிப் போவார்.

முதல் வரியை நானே எழுதி வைக்கிறேன். நடவுப் பாட்டு, கற்றுத் தந்தவர் ஊர் கோம்பை, பெயர் காலி.